மேற்குச் சகாராவின் வழியாக லிஃப்ட் கேட்டுப் பயணிப்பது: அகாதிரிலிருந்து நுவாதிபு வரை

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் குளிர்காலத்தில் மொராக்கோவின் அகாதிரிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் கரையை ஒட்டிய முதலாம் தேசிய நெடுஞ்சாலையிலேயே தெற்கே இறங்கி, மேற்குச் சகாராவைக் கடந்து, மொரித்தானியாவின் நுவாதிபு நகரம் வரை செல்ல நானும் என் தம்பியும் எண்ணியிருக்கிறோம். மேற்குச் சகாராவின் தென்பகுதியில் உள்ள டக்லா வரை நல்ல பேருந்துகள் ஓடுகின்றன என்பது தெரியும். ஆயினும், அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே அந்த நிலத்தைக் கடக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாளைய ஆசை. அதனால் இயன்றவரை லாரிகளிலும் கார்களிலும் லிஃப்ட் கேட்டே செல்ல விரும்புகிறோம்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, வழிநெடுகிலும் காவல் சோதனைச் சாவடிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வண்டியில் இரண்டு வெளிநாட்டவர் அமர்ந்திருப்பதை அங்குள்ள அதிகாரிகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? இரண்டாவது, மொராக்கோவின் கடைசிச் சாவடியான குவர்குவராத்துக்கும் மொரித்தானிய எல்லைச் சாவடிக்கும் இடையில் எவருடைய நிர்வாகத்திலும் இல்லாத ஒரு துண்டு நிலம் இருக்கிறதாமே, அதை நடந்து கடக்கலாமா? மூன்றாவது ஐயம் இவற்றைவிடப் பெரியது. இந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் தீராத வழக்காக இருக்கையில், அதன் ஒரு தரப்பினரின் அனுமதியோடு மட்டும் உள்ளே நுழைந்து, ஊர் பார்த்துவிட்டு வருவது முறையா? அனுபவம் உள்ளவர்களும், இந்த வரலாற்றைப் படித்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாரவண்டி எழுதியது:

வணக்கம் நெடுவழி அவர்களே. நான் இந்தப் பாதையில் தெற்கு நோக்கியும், பிறகு வடக்கு நோக்கியும் லிஃப்ட் கேட்டுச் சென்றிருக்கிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். மூன்றாவதை என்னைவிட நன்றாகப் படித்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

லிஃப்ட் கிடைப்பது கடினமன்று. அகாதிர் பக்கத்துக் காய்கறியும் பழமும் மொரித்தானியா, செனகல், மாலி வரை லாரிகளில் இந்த ஒரே சாலை வழியாகத்தான் போகின்றன; எதிர்த் திசையில் டக்லாவின் மீன் வடக்கே வருகிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அகாதிருக்குத் தெற்கே உள்ள டிஸ்னித்திலிருந்து டக்லா வரையிலான 1,055 கிலோமீட்டர் சாலையை அண்மை ஆண்டுகளில் அகலப்படுத்திவிட்டார்கள். மேற்குச் சகாராவின் பெரிய நகரமான லாயூன் வரை நடுவில் தடுப்போடு கூடிய இருவழிச் சாலையாகவே அது இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி வேகம் பிடித்துவிட்டால், ஓரத்தில் கைகாட்டுகிறவருக்காக நிற்பது ஓட்டுநருக்குத் தொல்லை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஆகையால் பெட்ரோல் நிலையங்களில் கேளுங்கள். தெற்கே எரிபொருளுக்கு வரிச்சலுகை உண்டு என்பதால், நீண்ட தூரம் செல்லும் லாரிகள் அங்கே கட்டாயம் நிறுத்தித் தொட்டியை நிரப்பிக்கொள்ளும். ஓட்டுநர் தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எந்த ஊர் வரை செல்ல வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிக் கேட்டால், மறுப்பவர்கூட அடுத்த வண்டிக்காரரிடம் உங்களுக்காகப் பேசுவார். கார்க்காரர்களில் சிலர் எண்ணெய்ச் செலவில் பங்கு எதிர்பார்ப்பார்கள். அதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. லாயூனிலிருந்து டக்லா ஏறத்தாழ 530 கிலோமீட்டர். நடுவில் பூஜ்தூர் ஒன்றுதான் சொல்லத்தக்க ஊர். எனவே, பாதி வழியில் எங்கோ ஒரு திருப்பத்தில் இறக்கிவிடுகிற வண்டியைவிட, ஊரிலிருந்து ஊர் வரை செல்கிற வண்டிக்காகக் காத்திருப்பதே மேல்.

இனிச் சாவடிகள். 27 பாகை 40 கலை அட்சரேகைதான், முன்பு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மேற்குச் சகாராவின் வட எல்லை. அது தர்ஃபாயாவுக்குத் தெற்கே தாஹ் என்ற சிற்றூரின் அருகில் சாலையை வெட்டுகிறது. அங்கே முத்திரை குத்தும் எல்லைச் சாவடி எதுவும் கிடையாது. ஆயினும் அந்தப் பக்கம் செல்லச் செல்ல, ஒவ்வோர் ஊரின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் காவலர்கள் நிறுத்துவார்கள். கேட்பதெல்லாம் 'ஃபீஷ்' என்று அங்கே சொல்லப்படும் விவரத்தாள்தான். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், குடியுரிமை, கடவுச்சீட்டின் எண், அது வழங்கப்பட்ட நாள், முடியும் நாள், தொழில், மொராக்கோவுக்குள் நுழைந்த நாளும் இடமும், நுழைவு முத்திரையோடு பதியப்பட்டிருக்கும் எண், அடுத்து செல்லும் ஊர் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் பிரெஞ்சு மொழியில் தட்டச்சு செய்து, நிறையப் படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் இல்லாவிட்டால் அவர் உங்கள் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய், தடித்த பதிவேடு ஒன்றைத் திறந்து, நம் பெயர்களின் நீளத்தோடு மல்லுக்கட்டி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதுவார். அந்த நேரம் முழுவதும் லாரி ஓரத்தில் நிற்கும். ஓட்டுநர் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்; ஆனால் பின்னால் இருக்கும் மீனின் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும். தாளைக் கையில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அடுத்த நிமிடமே வண்டி புறப்பட்டுவிடும். சில காவலர்கள் மிகுந்த கனிவுடையவர்கள்; அடுத்து வரும் லாரியை நிறுத்தி அவர்களே ஏற்றிவிடுவதும் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சாலையில் வெளிநாட்டவருக்கு வரக்கூடிய மிகப் பெரிய தொல்லை, திருப்பி அனுப்பப்படுவதுதான். உங்களை ஏற்றிக்கொண்டவரோ மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே சாவடியைக் கடந்தாக வேண்டியவர். அவர் இந்த நிலத்தின் பூர்வீக மக்களான சஹ்ராவிகளில் ஒருவராக இருந்தால் இது இன்னும் பல மடங்கு உண்மை. வண்டிக்குள் அரசியல் பேச்சை நீங்களாகத் தொடங்காதீர்கள். சாவடிகளையோ, இராணுவத்தினரையோ, ஐ.நா.வின் வெள்ளை வண்டிகளையோ படம் எடுக்காதீர்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

பாரவண்டி அவர்கள் சொன்னதோடு சில செய்திகளைச் சேர்க்கிறேன். நான் என் கணவரோடு அகாதிரிலிருந்து டக்லா வரை இப்படிச் சென்றவள்.

இரவில் லிஃப்ட் கேட்காதீர்கள். வழிப்பறி அச்சத்தால் இதைச் சொல்லவில்லை. ஒட்டகங்கள் சாலையில் வந்து நிற்கும், கடலிலிருந்து அடர்ந்த மூடுபனி ஏறும், ஓட்டுநர்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். பாலைவனம் என்று எண்ணி மெல்லிய உடைகளோடு வருகிறவர்கள் அந்தக் கடற்கரையில் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேனரி நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருவதால் கரையோரம் ஆண்டு முழுவதும் வெப்பம் குறைவு. காற்றோ ஓய்வதே இல்லை. உள்நாட்டிலிருந்து வறண்ட காற்று வீசும் நாள்களில் மட்டும் நிலைமை தலைகீழாகி, மணலும் வெக்கையுமாக மூச்சு முட்டும்.

கடலோரப் பாறை விளிம்பில் கூடாரம் அடிப்பது பார்வைக்கு மிக அழகு. ஆனால் தர்ஃபாயாவிலிருந்து ஸ்பெயினின் ஃபுயர்த்தெவெந்துரா தீவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். புலம்பெயர்வோரின் படகுகள் இந்தக் கரையிலிருந்துதான் கிளம்புகின்றன என்பதால் கரை முழுவதும் காவல் இருக்கிறது. நள்ளிரவில் விளக்கடித்து எழுப்பி, இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். ஊருக்குள் விடுதியில் தங்குவதோ, பெட்ரோல் நிலையத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே படுப்பதோ எவ்வளவோ மேல்.

பெண்கள் யாரேனும் இதைப் படித்தால், தனியாக இந்தப் பாதையில் லிஃப்ட் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் அன்று. ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிது. ஒரு வண்டியில் மனம் ஒப்பவில்லை என்றால் இறங்கி நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? பங்கு வாடகைக் காரில் ஓர் இருக்கைக்குப் பணம் கொடுத்துச் செல்வதில் அந்த அனுபவம் ஒன்றும் குறைந்துவிடாது. என் அருகில் அமர்ந்து வந்த மூதாட்டி ஒருவர், மெல்ஃபா என்னும் நீண்ட மெல்லிய ஆடையின் முந்தியால் மணலை மறைத்துக்கொண்டே, தன் இளமையில் கற்ற ஸ்பானிய மொழியில் பூஜ்தூர் வரை பேசிக்கொண்டு வந்தார்.

கல்வெட்டு எழுதியது:

நெடுவழி அவர்களின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கேட்டவர் அதையே பெரிதென்கிறார். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தன்னாட்சி பெறாத நிலப்பகுதிகள் என்ற ஐ.நா. பட்டியலில் இந்த நிலம் 1963 முதல் இருக்கிறது. 1975 அக்டோபர் 16 அன்று பன்னாட்டு நீதிமன்றம் தன் கருத்துரையை வெளியிட்டது. மொராக்கோ சுல்தானுக்கும் அங்கிருந்த சில குலங்களுக்கும் இடையே விசுவாச உறவு இருந்தது உண்மைதான் என்றும், ஆயினும் அது நிலத்தின் மீதான இறையாண்மை ஆகாது என்றும், மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை அது பாதிக்காது என்றும் அந்தக் கருத்துரை கூறிற்று. அடுத்த மாதம் 6ஆம் நாள், ஏறத்தாழ 3,50,000 மொராக்கோ மக்கள் பசுமைப் பேரணி என்ற பெயரில் எல்லையைத் தாண்டினார்கள். ஸ்பெயின் அந்த மாதமே மாட்ரிடில் மொராக்கோவோடும் மொரித்தானியாவோடும் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 1976 பிப்ரவரியில் வெளியேறியது. சஹ்ராவிகளின் விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணி அப்போதே சஹ்ராவிக் குடியரசை அறிவித்தது. மொரித்தானியா 1979இல் தன் கோரிக்கையைக் கைவிட, மொராக்கோவும் பொலிசாரியோவும் 1991 வரை போரிட்டன. அந்தப் போரின்போது மொராக்கோ எழுப்பிய, சுமார் 2,700 கிலோமீட்டர் நீளமுள்ள மணல் அரண் இன்றும் கண்ணிவெடிகளோடு நிற்கிறது. உங்கள் நெடுஞ்சாலை முழுவதும் அந்த அரணுக்கு மேற்கே, மொராக்கோவின் பிடியில் இருக்கும் பகுதியில்தான் போகிறது.

பொதுவாக்கெடுப்பு நடத்துவதற்காகவே 1991இல் ஐ.நா. மினுர்சோ என்ற குழுவை அமைத்தது. வாக்காளர் யார் என்ற சச்சரவிலேயே அந்த வாக்கெடுப்பு நின்றுபோனது. அந்தக் குழுவுக்கு மனித உரிமைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு இன்றுவரை அளிக்கப்படவில்லை என்பது என்னைப் பெரிதும் வருத்தும் செய்தி. 2020 நவம்பரில் பொலிசாரியோ ஆதரவாளர்களின் குவர்குவராத் சாலை மறியலை மொராக்கோ இராணுவம் அகற்றியதும், போர்நிறுத்தம் முடிந்தது என்று பொலிசாரியோ அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றது. மொராக்கோ 2007இல் முன்வைத்த தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாகக் கொள்ளும் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை 2025 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றியது. இந்தியாவும் 1985இல் சஹ்ராவிக் குடியரசை ஏற்று, 2000இல் அந்த ஏற்பை விலக்கிக்கொண்டது. இவ்வளவுக்கும் நடுவே, ஐ.நா. அகதிகள் முகமையின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 1,73,600 பேர் அல்ஜீரியாவின் டிண்டூஃப் அருகே முகாம்களில் வாழ்கிறார்கள். அந்த முகாம்களுக்கு லாயூன், ஸ்மாரா, டக்லா, பூஜ்தூர் என்றெல்லாம் பெயர். உள்நாட்டு நகரமான ஸ்மாரா நீங்கலாக, நீங்கள் லாரியில் கடந்து போகப்போகும் ஊர்களின் பெயர்கள்தாம் அவை. அங்கு பிறந்து வளர்ந்த தலைமுறையோ அந்த ஊர்களைக் கண்டதில்லை.

போவது முறையா என்றால், போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எந்த வண்டி எதைச் சுமந்து செல்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்பேன். டக்லாவின் தக்காளியும் முலாம்பழமும் அந்தச் சாலையில்தான் வடக்கே போகின்றன. சஹ்ராவி மக்களின் ஒப்புதல் இன்றி அந்த நிலத்தின் விளைபொருளையும் மீனையும் ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவோடு செய்த ஒப்பந்தங்களுக்குள் சேர்த்தது செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது அந்தச் சரக்கைப் பற்றித்தான். லாயூன் அருகே துறைமுகத்தை நோக்கி வரும் கன்வேயர் பட்டை ஒன்று இருக்கிறது. பூ கிரா சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் பாஸ்பேட் பாறைப் பொடியைச் சுமந்து வருகிறது. காற்றில் பறக்கும் பொடி பட்டையின் ஒரு பக்கத்து நிலத்தை வெளுக்கச் செய்திருப்பது செயற்கைக்கோள் படத்தில்கூடத் தெரியும்.

பாரவண்டி அவர்களோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வண்டிக்குள் வாய் மூடியிருப்பது சரி. திரும்பி வந்த பிறகும் வாய் மூடியிருந்து, "மொராக்கோவின் தெற்கே ஓர் அழகிய கடற்கரை" என்று மட்டும் எழுதுவது சரியன்று. அப்படி எழுதும்போது, ஏற்றிச் சென்றவரின் முகமோ, வண்டி எண்ணோ, ஊரோ, அவர் சொன்ன சொல்லோ அடையாளம் காணும்படி வெளியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்வெட்டு அவர்களின் பதிலைத் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு சிறு கேள்விகள் எஞ்சியுள்ளன. தம்பி ஒரு செய்தி நிறுவனத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றுகிறான். விவரத்தாளில் தொழிலை எப்படிக் குறிப்பிடுவது? மேலும், ஸ்மாரா நகரத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் கடற்கரைச் சாலைக்குத் திரும்புவது இயலுமா?

பாரவண்டி எழுதியது:

பொய் எழுதாதீர்கள். வடிவமைப்பாளர் என்பது உண்மையான தொழில். அதை அப்படியே எழுதலாம். எங்கே என்று கேட்டால் நிறுவனத்தின் பெயரையும் மறைக்காமல் சொல்லட்டும். செய்தியாளர்களையும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களையும் லாயூனிலிருந்து திருப்பி அனுப்பிய நிகழ்வுகள் பல உண்டு என்பதால், உங்கள் தம்பியிடம் கூடுதலாகக் கேள்விகள் கேட்கக்கூடும். அதனால்தான் சொல்கிறேன்: லாயூன் நுழைவாயிலை மட்டும் பேருந்தில் கடந்துவிடுங்கள். விசாரணை நீண்டால் அது உங்கள் இருவரோடு முடியட்டும். யாரோ ஒரு லாரி ஓட்டுநர் தன் பெயரையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நிலை வரக் கூடாது. லாயூனுக்குத் தெற்கே மீண்டும் லிஃப்ட் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்மாரா வேண்டாம். அது அரணுக்கு அருகில் இருக்கிறது; 2023 அக்டோபர் இறுதியில் அந்நகரில் குண்டுகள் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். அந்தப் பக்கம் போகும் வண்டிகளில் இராணுவத் தொடர்புடையவையும் நிறைய. அரணுக்குக் கிழக்கே செல்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2020க்குப் பிறகு அங்கே ஆளில்லா விமானத் தாக்குதல்களில் சரக்கு வண்டிக்காரர்களும் இறந்திருக்கிறார்கள். முகாம்களைப் பார்க்க விரும்பினால் அல்ஜீரியா வழியாகத்தான் போக வேண்டும். மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையிலான தரை எல்லை 1994 முதல் மூடியிருக்கிறது.

எல்லையைப் பற்றி முன்பு எழுத விட்டுப்போனது. டக்லா நகரம் ஒரு நீண்ட முனையின் நுனியில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குத் திரும்பிவரும் முச்சந்தி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நகருக்குள் நின்று லிஃப்ட் கேட்பது வீண். முச்சந்தியிலிருந்து குவர்குவராத் வரை பெரும்பாலும் வெறும் மணற்பரப்பு. அங்கே எந்தத் தேவைக்காகவும் தார்ச்சாலையை விட்டு அதிக தூரம் இறங்காதீர்கள். கண்ணிவெடிகள் அரணின் ஓரத்தில் மட்டுமே இருப்பவை அல்ல. மழைவெள்ளம் அவற்றை இடம் பெயர்த்தும் வைத்திருக்கிறது.

குவர்குவராத்தில் வெளியேறும் முத்திரை வாங்குவதற்கு முன்பே, அடுத்த சாவடி வரை ஏற்றிச் செல்லும் வண்டியை உறுதிசெய்துகொள்ளுங்கள். சாவடிகளுக்கு இடையே உள்ள சில கிலோமீட்டர் நிலத்தில் முன்பு சாலையே கிடையாது. பாறையும் மணலும் சக்கரத் தடங்களுமாக இருந்தது. கைவிடப்பட்ட கார்களின் கூடுகள் இருபுறமும் குவிந்து கிடக்கும். 2020 நவம்பருக்குப் பின் மொராக்கோ தார்ச்சாலை போட்டுவிட்டது. சாலை மாறியிருக்கிறது, ஓரத்து நிலம் மாறவில்லை; ஆகவே நடக்க வேண்டாம். காத்திருக்கும் லாரிகளின் வரிசை நீளமாக இருக்கும். ஒவ்வொரு லாரியும் ஊடுகதிர்ச் சோதனைக்குப் போகும் என்பதால் லாரியைவிடக் காரில் கடப்பது விரைவு. மொரித்தானிய விசாவை 2025 ஜனவரி முதல் இணையவழியில் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற்றிருக்க வேண்டும். எல்லையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய குறிப்புகளை நம்பிச் சென்றால், இரண்டு சாவடிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மொரித்தானியாவின் நேரம், ரமலான் மாதம் நீங்கலாக, மொராக்கோவின் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் வந்த பிறகு லாரிகளில் பெரும்பாலானவை தலைநகர் நுவாக்சோட் திசையில் திரும்பிவிடும். நுவாதிபு எதிர்த் திசையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குச் சாவடியிலேயே பங்கு வாடகைக் கார் கிடைக்கும். நுவாதிபு முனையின் மேற்குக் கரையில் இருக்கும் லா குவேரா என்ற கைவிடப்பட்ட ஊருக்கு யாராவது அழைத்துப் போவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதுவும் வழக்கில் உள்ள நிலம்தான், மொரித்தானிய வீரர்கள் காவல் இருக்கிறார்கள். மொரித்தானியச் சாவடிகளிலும் அதே விவரத்தாளைக் கேட்பார்கள், மொராக்கோவைவிட அதிகமாகவே கேட்பார்கள். எனவே நுழைவு நாளையும் எண்ணையும் கையால் எழுதிக்கொள்ள இடம் விட்டு, அதற்கென்று தனியாக ஒரு கட்டு அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.